ஏழு பிரிவுக்கும் ஒரே மெத்தட்

எழுதியதையே திரும்ப எழுதுவது எனக்குப் பிடிக்காது இன்ஸ்பெக்டர் ஐயா. பள்ளியில் இம்போசிஷன் கொடுத்த வாத்தியாரையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் பெயர் நத்தானியேல். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது.

தினமும் காலையில் ஆட்களுக்கு வேலைச் சீட்டு அச்சடிப்பது என் புரோகிராம்தான். ஏழு பிரிவுக்கு ஏழு மெத்தட், அதாவது புரோகிராமுக்குள் தனித்தனியாக எழுதிய ஏழு துண்டு. பிரிவின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற ஆறிலும் திருத்த வேண்டும். 2004 ஜூனில் எல்லாவற்றையும் ஒரே பொது மெத்தடாக மாற்ற உட்கார்ந்தேன். பிரிவின் பெயரைக் கொடுத்தால் போதும், சீட்டு வந்துவிடும்.

கழிவுநீர்த் தொட்டிக்கான மெத்தடில் மட்டும் ஒரு வரி கூடுதல். அன்றைய விஷவாயு அளவைப் பதியாவிட்டால் சீட்டு அச்சாகாது. அதை எழுதச் சொன்னவர் தொட்டியில் வேலை பார்த்த இன்பராஜ், என் தங்கை பிரிசில்லாவின் கணவர். "மச்சான், மேஸ்திரி வாயால சொன்னா நான் எறங்க மாட்டேன். உங்க மிஷின் சீட்டு குடுத்தா கண்ண மூடிக்கினு எறங்குவேன்" என்பார்.

நான் மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்த வரியைப் பார்த்துப் பத்து நிமிடம் யோசித்தேன். இருநூறு வரி முப்பதாகியிருந்தது. ஒரே ஒரு பிரிவுக்காக அதில் ஒட்டுப்போட மனம் வரவில்லை. திங்கட்கிழமை வேறு விதமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வாயு பார்க்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. ஆனாலும் சீட்டு வந்தது. "சீட்டு வந்துடுச்சே, அப்ப பாத்துட்டாங்க" என்று மேஸ்திரி பெருமாளிடம் சொல்லிவிட்டு இன்பராஜ் இறங்கினார். பிணமாகத்தான் தூக்கினார்கள்.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அளவு பதியாமல் சீட்டே வராது என்று அதிகாரிக்கு இயக்கிக் காட்டினேன். சீட்டில்லாமல் தானாக இறங்கினார் என்று எழுதிக்கொண்டார்கள். பெருமாளுக்கும் வேலை தப்பியது. அவர் வாயைத் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் பிரிசில்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீட்டில்லாம எறங்கற ஆளே இல்லண்ணா அவரு. அன்னிக்குக் காலைல நான் ஜாஸ்தி பேசிட்டேன். 'உன் மூஞ்சிய பாக்கவே புடிக்கல'ன்னுட்டேன். அதான் சாவலாம்னு எறங்கிட்டாரா?"

சீட்டு அப்போது என் பர்ஸில்தான் இருந்தது. "கர்த்தர் கிட்ட சொல்லும்மா" என்றேன்.

நான்கு வருடமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. புருஷனைக் கொன்றவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறாள். கொன்றவன் நான். சீட்டு இதோ, தேதி தெளிவாகத் தெரிகிறது.

அவளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது.