கன்னத்துல கை வைக்கிற பாட்டு

...இல்ல தம்பி, தெரியாமத்தான் கேக்குறேன், உலகத்துல வேற பாட்டே இல்லையா? போன வருஷம் வந்தது இருக்கு, போன வாரம் வந்தது இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு என் பொண்ணு கல்யாண வரவேற்புக்கு அந்த ஒரு பாட்டுதானா? ஆ... இன்னும் பெருசா ஆ காட்டுங்க. மேடையில என்னமா தொறக்குறீங்க, என் நாற்காலியில உக்காந்தா கோழிக்குஞ்சு மாதிரி... ஆங், அப்படித்தான்.

பேசாதீங்க, கண்ணாடி ஈறுல இடிக்கும். நான் பேசுறேன். நீங்க கேளுங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, "எதிர்த்துப் பேசாத ஆளு வேணும்னுதான் நீ பல் டாக்டர் ஆன"ன்னு. பொறாமை அவருக்கு.

சனிக்கிழமை உங்க குழுதான் பாடுதுன்னு எனக்குத் தெரியும். பாட்டு லிஸ்ட்ல என் பொண்ணு முதல்ல எதைச் சொன்னாங்கறதும் தெரியும். இந்த நேரத்துல உங்களுக்குக் கடவாய்ப் பல்லு சொத்தையாச்சு பாருங்க, அதான் கடவுள் செயல். உங்களுக்கு இல்ல, எனக்கு.

அந்தப் பாட்டுல அப்படி என்னதான் இருக்கு? சொல்லுங்க... சரி சரி, சொல்லாதீங்க, நானே சொல்றேன். எடுத்ததும் என்ன? ரெண்டு கைத்தட்டு, ஒரு சொடுக்கு. பாடுற பொண்ணு இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு என்ன பாட்டுன்னு! சில பேரு செருப்புச் சத்தத்துலயே யாருன்னு தெரியுமே, அந்த மாதிரி. அப்புறம் பாட ஆரம்பிக்கிறா. பாட்டா அது? மூணே மூணு ஸ்வரம். சாவியைத் தொலைச்சவ ஒரே ரூமுக்குள்ள தேடுற மாதிரி அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றா. யாரு வேணா பாடலாம். அங்க நிக்கிறாங்களே, என் நாத்தனார், அவங்களே பாடுவாங்கன்னா பாத்துக்கோங்க... அக்கா, உங்களை ஒண்ணும் சொல்லல, பஞ்சு குடுங்க... வீட்டுக்காரரோட அக்கா. எனக்கு உதவிக்கு இருக்காங்க. வயசுல மூத்தவங்க, திட்ட முடியாது. அவங்க என்னைத் திட்டலாம்.

எங்க விட்டேன்? ஆங், மூணு ஸ்வரம். சுத்திக்கிட்டே இருக்கா, நமக்கும் கொஞ்சம் சலிப்புத் தட்டுது, அப்பப் பாத்து... எல்லாம் நிக்குது. மத்தளம் நிக்குது, கிடார் நிக்குது. ஒரே ஒரு மூச்சு நேரம்தான். நான் ஊசியை வாய்கிட்ட கொண்டுவந்து நிறுத்துவேன் பாருங்க, அந்த மாதிரி ஒரு நிறுத்து. ஊசியைவிட அந்த நிறுத்துதான் தம்பி ஆளைக் கொல்லும். அப்புறம் ஒரே தாவு! உச்சாணிக் கொம்புக்கு! "இருக்கியா?"

வார்த்தையைப் பாருங்க. இருக்கியா. பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லும். பின்னால நாலு பேரு "இருக்கேன்"னு பதில் சொல்றாங்க. மூணு தடவை இப்படிக் கேள்வி, பதில், கேள்வி, பதில். நாலாவது தடவை கேக்குறா... பதிலே இல்ல! பாட்டு முடிஞ்சுபோச்சு! வீட்டுக்குத் திரும்பி வராமலே ஸ்வரத்தை வாசல்ல நிறுத்திட்டுப் போயிட்டான் அந்த மியூசிக் போட்ட மகராசன். பல்லு விழுந்த பள்ளத்துக்கு நாக்கு போகுமில்ல, போகாதேன்னாலும் போகுமில்ல? அதேதான். மனசு அங்கயே போய்த் துழாவிக்கிட்டு இருக்கும். முழுசா முடிச்சுக் குடுத்த பாட்டையெல்லாம் ஜனங்க மறந்தாச்சு. இது மட்டும் இன்னும்... துப்புங்க. தண்ணி அந்தப் பக்கம்.

அவ்ளோ புகழ்ந்துட்டு ஏன் வேண்டாம்கறேன்னுதானே பாக்குறீங்க? கண்ணாலயே கேக்குறீங்களே. சொல்றேன். ஆ காட்டுங்க.

நிச்சயதார்த்தத்துல இந்தப் பாட்டைப் போட்டாங்க. ரெண்டு தட்டு, ஒரு சொடுக்கு... கூட்டத்துல பாதிப் பேரு கன்னத்துல கை வச்சுட்டாங்க தம்பி! மளிகைக் கடைக்காரர், தபால்காரர், எங்க தெருக்கோடி வக்கீலம்மா, எல்லாரும்! சம்பந்தியம்மா... அதான், மாப்பிள்ளையோட அம்மா... அவங்க மூஞ்சிய சுளிச்சாங்க பாருங்க, எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி. அந்தத் தாவுற எடம் வந்தப்போ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நாற்காலிக் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் கைக்குட்டையில துப்பினாங்க.

என் பொண்ணு பாத்துட்டா. "அம்மா, அவங்களுக்கு என்னைப் புடிக்கல"ன்னு ராத்திரி பூரா அழுகை. அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது, என்னை மாதிரி இல்ல. "சனிக்கிழமை அதே பாட்டுதான் முதல்ல. அப்பவும் அவங்க மூஞ்சி சுளிச்சா நான் மேடையை விட்டு இறங்கிடுவேன்"ன்னு சொல்லிட்டா. செய்வா தம்பி. சொன்னா செய்வா.

ஏன் சுளிக்கிறாங்கன்னா... அக்கா, அந்தச் சின்ன ட்ரில்லை எடுங்க... என்னன்னா, ஊசி போட்டா ஈறு மரத்துப்போக நாலு நிமிஷம் ஆகும். அந்தப் பாட்டும் நாலு நிமிஷம். ஜனங்க பயப்படாம இருக்கட்டுமேன்னு, கிளினிக் தொறந்த நாள்லேருந்து, ஊசி போட்டதும் அதைப் போட்டுவிடுவோம். பாட்டு முடியும், பல்லைப் புடுங்குவேன். நல்ல யோசனைதானே? நல்ல எண்ணம்தானே? எனக்கென்ன தெரியும், இந்த ஊருல இன்னொரு பல் டாக்டர் இல்லைன்னு! அதாவது... அது தெரியும். எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்கன்னு தெரியும். எல்லாத் தாடைக்குள்ளயும் போய் உக்காந்துக்கும்னு தெரியல. போதாததுக்கு அந்த உச்ச ஸ்வரமும் என் ட்ரில்லும் ஒரே சுருதி. ம்ம்ம்ம்... இருக்கியாஆ! கேட்டீங்களா? அச்சு அசல்.

பொண்ணுகிட்டச் சொல்லிடலாமேங்கறீங்க. சொல்லலாம். சொல்ல வாய் வரல. பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்கதான் வருவா. வெளிய அந்த நீலப் பெஞ்சுல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. உள்ள பாட்டு ஓடும். "இருக்கியா?"ன்னு பாட்டுக்காரி கேப்பா, வெளியலேருந்து என் பொண்ணு கத்துவா, "இருக்கேன்!"னு. பாட்டு முடிஞ்சா அம்மா வந்துடுவான்னு அவளுக்குக் கணக்கு. ஊருக்கெல்லாம் அது பல்லுவலி. அவளுக்கு அது நான். இப்பப் போய் எப்படிச் சொல்றது, நீ ரசிச்ச நேரமெல்லாம் உள்ள ஒருத்தர் துடிச்சுக்கிட்டு இருந்தாருன்னு?

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. பாட்டைக் கொஞ்சம் மாத்திப் பாடிடுங்க. அவளுக்கு அது அந்தப் பாட்டா இருக்கணும், தாடைக்குத் தெரியக் கூடாது. அந்தக் கைத்தட்டை எடுத்துடுங்க... தலைய ஆட்டாதீங்க, ட்ரில் கையில இருக்கு! சரி, கைத்தட்டு இருக்கட்டும். அந்த நிறுத்து வேண்டாம், அப்படியே ஓடிருங்க... அதுவும் முடியாதா? தாவாம, படிப்படியா ஏறினா? ...ஆமா, நானே பாடிப் பாத்தேன், குளியலறையில. தாவு இல்லைன்னா அது மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கு. கடைசியில ஒரு "இருக்கேன்" சேத்து முடிச்சுப் பாத்தேன். பொட்டிய மூடினாப்புல ஆயிடுச்சு. ஒண்ணை உருவினா எல்லாம் ஆட்டம் காணுது. பல்வரிசை மாதிரியே இருக்கு சனியன்!

சரி, யோசிப்போம். முதல்ல இந்த வேலை முடியட்டும். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்... அவ்ளோதான். போட்டாச்சு. எவ்ளோ நல்ல பிள்ளை. சாஞ்சுக்கோங்க. இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கோங்க. மரத்துப்போகட்டும். நான் என்ன சொல்றேன்னா, நீங்களே ஒரு...

அக்கா! அக்கா, இன்னிக்கு வேண்டாம்! நிறுத்துங்க! ...ஆமா, ஊசி போட்டேன்தான், போட்டா பாட்டுப் போடணும்தான், ஆனா இவருக்கு... ஐயோ, கைத்தட்டே வந்துடுச்சு. தம்பி? தம்பி, நாற்காலிக் கையை விடுங்க. எதுக்கு இப்படி வேர்க்குது? உங்க பாட்டுதானே, நூறு தடவை பாடியிருப்பீங்களே... கண்ணை ஏன் மூடுறீங்க? இன்னும் தாவலையே... அட, கன்னத்துலேருந்து கையை எடுங்க தம்பி, கும்புடறேன்! நீங்களுமா!

எங்க எழுந்திரிக்கிறீங்க? பல்லு பாதியில நிக்குது! தம்பி! துண்டு கழுத்துல இருக்கு! வாயில பஞ்சு!

...போயிட்டாரு.

நல்லா சிரிங்க அக்கா, உங்களுக்கென்ன. அந்தப் போனைக் குடுங்க. இல்ல, அவரைக் கூப்புட இல்ல. பொண்ணைத்தான். இனிமே யாரு வாயை அடைச்சும் பிரயோசனம் இல்ல.

...கண்ணு? அம்மா பேசுறேன். வேலையா இருந்தாலும் கேளு. உன் மாமியார் அன்னிக்கு மூஞ்சி சுளிச்சாங்களே, அது உன்னைப் பாத்து இல்ல. எனக்கு எப்படித் தெரியுமா? அவங்க கடவாய்ப் பல்லு நாலையும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் நான் புடுங்கினேன்... ஆமா. எல்லாருக்கும்தான். நீ வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பியே, அப்ப... ஆமாடி... கண்ணு? அழுவுறியா?

...என்ன? சிரிக்கிறியா! அவங்ககிட்டயே கேக்கப் போறியா? ...சரி, கேளு. எந்தப் பல்லு ரொம்ப வலிச்சதுன்னு கேளு, மாமியாரும் மருமகளும் சேந்து என்னைத் திட்டுங்க, சொந்தம் பலப்படும். ...பாட்டு அப்படியே இருக்கட்டும்கிறியா? ஊரே கன்னத்துல கை வைக்கட்டும்கிறியா? வைக்கட்டும். எனக்கென்ன. ஆனா கண்ணு... உனக்கு வேற யாராவது பாடுறவங்களைத் தெரியுமா? குரல் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. பல்லு நல்லா இருக்கணும்.