டீ டைம் பெல்

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். பஸ் ஸ்டாண்டில் ஆறு மாதக் குழந்தை காணாமல் போனதிலிருந்து ஊரில் எல்லோருமே போலீஸ்தான். இவர்களும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலாம் நாளே தைக்க வந்துட்டாளாமுங்க."

"பெத்தவ வருவாளுங்களா? அவளே யாருக்காச்சும் குடுத்திருப்பாளுங்க."

"டிவியில பாத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லீங்க."

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த பெண் குனிந்தாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"யக்கா, நான் அவளுக்குப் பக்கத்து மெஷினு. வீட்டுல தொட்டிலப் பாத்துக்கிட்டு இருக்க முடியலன்னுதான் வந்தா."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தினமும் டீ டைம் பெல் அடிச்சதும் கேட்டுக்கு ஓடுவா. நைட் ஷிப்ட் முடிச்ச அவ வீட்டுக்காரரு பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிப்பாரு. பால் குடுத்துட்டு வருவா. நேத்தும் பெல் அடிச்சுது. பழக்கத்துல எந்திச்சு ஓடிட்டா. அடுத்த பெல் அடிச்சும் வரல. போய்ப் பாத்தா, ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கா."

ஜன்னலோரத்துப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பவாச்சும் அழுதாளுங்களா?"

"இல்லக்கா. ஜாக்கெட்டு பூராம் பால்ல நனைஞ்சிருந்துச்சு. என் துப்பட்டாவப் போட்டு மூடித்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்."