டைமன் ஏஸ்

உங்களுக்குச் சீட்டாடத் தெரியாது என்கிறீர்கள். பரவாயில்லை. தெரியாதவர்களுக்குப் புரியவைப்பதுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான்.

பிரிட்ஜ் ஆட்டத்தில் நான்கு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. என் ஜோடி என் அத்தான். அக்காவின் கணவர், பல் டாக்டர். ஆளுக்கொரு சீட்டு இறக்கி, பெரிய சீட்டுக்காரர் அள்ளிக்கொள்வது ஒரு பிடி. பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுத்துக் காட்டுகிறோம் என்று ஒரு ஜோடி சவால் விட்டால் அதற்கு ஸ்லாம் என்று பெயர். அதைக் கவிழ்க்க மற்ற ஜோடிக்கு இரண்டு பிடி போதும். ஆனால் முதல் சீட்டை அவர்கள்தான் இறக்க வேண்டும், யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே.

கிளப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எதிராளிகள் ஸ்லாம் சொன்னார்கள். முதல் சீட்டு என்னுடையது. கையில் டைமன் ஏஸ் இருந்தது. பொத்தி வைத்தால் பிறகு அது செல்லாமலே போய்விடக்கூடும். நன்றாக யோசித்துத்தான் இறக்கினேன். அந்தப் பிடி எங்களுக்கு வந்தது. ஆனால் ஏஸ் போனதும் எதிராளியின் டைமன் ராஜாவை அடக்க ஆளில்லை. அதன் தயவில் அவர் தன் மட்டமான கிளாவரைக் கழித்துவிட்டார். அத்தானிடமிருந்த கிளாவர் ராஜா வெறும் அட்டையாகிப் போனது. நான் கிளாவர் இறக்கியிருந்தால் இரண்டு பிடி கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். எல்லாச் சீட்டையும் மல்லாத்திப் பார்த்தபிறகு எந்த முட்டாளும் அதைச் சொல்வான்.

அத்தான் அங்கேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவன் கையில ஏஸ் வந்தா வயித்தைக் கலக்கின மாதிரிதான். ஓடிப்போய் இறக்கிட்டுத்தான் மறுவேலை. அவசரக்குடுக்கை!"

கிளப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் குடுக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "குடுக்கை வந்தாச்சு" என்பார்கள். அக்கா மகளின் மாமனார் முதல்முறை என்னைப் பார்த்தபோது கேட்டார்: "நீங்கதானே அந்தக் குடுக்கை?" அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அத்தான் ஒருமுறையாவது நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம். எப்போது ஆரம்பித்தாலும், "விடுடா, ஆட்டம்தானே" என்று கையை உதறுவார். ஆட்டம்தான் என்றால் அந்தப் பெயரை ஏன் எல்லோருக்கும் பரப்பினார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தான் சாய்வு நாற்காலியில் கிடந்தார். நான் மேஜைமேல் அதே ஆட்டத்தை, அதே சீட்டுகளை, நான்கு கையாகப் பரப்பினேன்.

"மறுபடியுமா? உனக்கு வேற வேலையே இல்லியாடா?" என்றார். நான் விளக்க ஆரம்பித்த பாதியில் அவர் முகம் வெளுத்தது. மார்பைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரை... சட்டைப் பையில..."

சட்டை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. உடனே போய் எடுத்தேன். நான் தாமதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. குப்பி என் உள்ளங்கையில் இருந்தது.

"தர்றேன் அத்தான். நீங்க முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு என் கையில இருந்த சீட்டை வச்சுக்கிட்டு எதை இறக்கணும்?"

அவர் கை நீட்டினார். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். மூச்சு முட்டும் நிலையிலும் அந்த மனிதர் சொன்னார்: "கிளாவர்டா."

என் பொறுமையை அங்கேதான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் மந்தமான மாணவனிடம் பேசுவதுபோல முதலிலிருந்து ஆரம்பித்தேன். எதிராளிகள் என்ன சொன்னார்கள், அதிலிருந்து நான் என்ன ஊகித்தேன், ஏஸைப் பொத்தி வைத்தால் என்ன ஆபத்து என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவர் அதுவரை அவ்வளவு கவனமாக என்னைப் பார்த்ததே இல்லை. கண்ணை எடுக்கவே இல்லை. "மச்சான்..." என்றார். குறுக்கே பேசாதீர்கள் என்றேன்.

மாத்திரை கிடைக்கவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன். துவைக்கப் போட்ட என் சட்டையிலிருந்து அவள் குப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நான்தான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்வதையும் மறுக்கவில்லை.

ஆனால் எங்களுக்குள் பகை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதைத் திருத்திவிடுங்கள். நான் முழுவதும் சொல்லி முடித்து, "இப்ப சொல்லுங்க, டைமன்தானே சரி?" என்று கேட்டேன். அத்தான் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. ஆமாம் என்றுதான் தலையசைத்தார்.