கணக்கன்கரட்டில் அறுபத்திரண்டு பேர்

காலை 6 மணி 10 நிமிடம். கதவு திறந்திருக்கிறது. வெளியே சரிவு. சரிவுக்குக் கீழே கடலைக்காடு. அதற்கு அப்பால் ராசிபுரம் சாலை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே நாங்கள் 62 பேர் நிற்கிறோம். குண்டு விழுகிறது. யாரும் வெளியே ஓடவில்லை.

"ஓடாதீங்க! எண்ணாம ஓடாதீங்க!"

கத்துகிறவர் பழனிசாமி. என் தங்கை சரசுவின் கணவர். இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்து நிற்கிறார். அவர் குதிகாலுக்கும் வாசற்படிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கிறது. பின்னால் இருந்து கூட்டம் தள்ளுகிறது. அவர் அசையவில்லை.

நான்காவது குண்டு. முதலில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். நான் மூன்று எண்ணுகிறேன். வெடிக்கிறது. பிறகு கல் உருளும் சத்தம். வாசலுக்கு நேர் கீழே, இருபதாவது படியில், எண்காரர் கிடக்கிறார். முதல் குண்டிலேயே விழுந்துவிட்டார். அவர் இல்லாமல் நாங்கள் வெளியே போக முடியாது.

ஆண்டு 1979. ஆடி 28. திங்கட்கிழமை. பலர் இதைச் செவ்வாய் என்கிறார்கள். தவறு. நான் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

கோட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்று அங்கே கல் உடைக்கிறார்கள். பாதிக் கரடு காணாமல் போய்விட்டது. இன்னும் பத்து வருடத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்பார்கள்.

கணக்கன்கரடு ராசிபுரத்துக்கு மேற்கே, சமவெளியின் நடுவே தனியாக நின்ற பாறை. மேலே ஒரே ஒரு கட்டடம். மேற்கூரையும் கல். ஜன்னல் கிடையாது. கதவு ஒரே பலகைக் கல். அகலம் ஆறு அடி. கனம் ஒன்றே கால் அடி. சூரியன் உதிக்கும்போது அது தானாக மேலே ஏறும். மறையும்போது மறுபடி ஏறும். யாரும் தொடுவதில்லை. சங்கிலி இல்லை. சக்கரம் இல்லை.

ஏறிய கதவு எண்ணுக்காகக் காத்திருக்கும். எண்காரர் என்பது அங்கே ஒரு வேலை. அவர் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட வேண்டும். தொடும்போது எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். கதவுக்கு எத்தனை எண் கேட்டதோ அத்தனை பேர் வாசலைத் தாண்டி வெளியே போகலாம். அதற்கு மேல் ஒருவர் கால் வைத்தால் கதவு விழும். விழுந்தால் அடுத்த பொழுது வரை ஏறாது. பிணத்தை எடுத்துப் போவதானாலும் தலையைத் தொட்டு எண்ணித்தான் எடுக்க வேண்டும். கதவு பெயரைக் கேட்காது. குற்றத்தைக் கேட்காது. எண்ணை மட்டும் கேட்கும்.

கட்டியவர் ஒரு பாளையக்காரர். கல்வெட்டில் அவர் பெயர் இருந்த இடத்தை யாரோ செதுக்கி எடுத்துவிட்டார்கள். காவலர்களை அவர் நம்பவில்லையாம். கல்தச்சர் ஒருவரை அழைத்து இந்தக் கதவைச் செய்வித்தார். வேலை முடிந்த அன்று ஆட்களை எண்ணி வெளியே விட்டார்கள். கல்தச்சரை எண்ணவில்லை. முதல் கைதி அவர்தான். பிறகு எத்தனையோ படைகள் வந்தன. கொடிகள் மாறின. கோட்டைக்கு வேலை மாறவில்லை. மூன்று முறை வெடிமருந்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கதவில் மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன. நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் காலத்தில் அது மேட்டுப்படையின் கையில் இருந்தது. மலைப்பக்கம் எல்லாம் அவர்கள். காவிரிக்கரை எல்லாம் ஆற்றுப்படை. பள்ளிபாளையம் வரை அவர்கள் பீரங்கி நின்றது. நடுவில் நாங்கள். இரண்டு படையிலும் எங்கள் பக்கத்து ஆட்களே இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது.

ஆனி 17, ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டோம். சேலத்திலிருந்து ராசிபுரம் வரும் பேருந்தில். நான் கணக்கு வாத்தியார். பழனிசாமி திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுகிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. அதற்கு ஒரு பிட் வாங்கிச் சாக்குப்பையில் வைத்திருந்தார். சிப்பாய் பையைத் திறந்தான்.

"என்னய்யா இது?"

"பாறையத் தொளைக்கறதுங்க."

உண்மையைத்தான் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காக இருவரையும் இறக்கினார்கள். பேருந்தில் மீதி இருந்த 11 பேரையும் இறக்கினார்கள். எங்களைச் சேர்த்துக் கோட்டையில் 65 பேர். பகலில் கரட்டடியில் கல் உடைக்க வேண்டும். காலையில் எண்ணி வெளியே. மாலையில் எண்ணி உள்ளே. சாப்பாடு வெந்த குச்சிக்கிழங்கு, ஆளுக்கு இரண்டு துண்டு. வயிற்றுப்போக்கில் மூன்று பேர் இறந்தார்கள். மீதி 62.

பதினேழாம் நாள் ஒரு லாரி கிளீனர் எண்ணுவதற்கு முன் ஓடப் பார்த்தார். கதவு விழுந்தது. அவர் உள்ளே. வலது கால் பெருவிரல் வெளியே. அன்று மாலை வரை யாருக்கும் தண்ணீர் இல்லை. அதன் பிறகு திறந்த கதவைக் கண்டால் பின்னால் நகர்வோம். அதனால்தான் குண்டு விழும்போதும் நின்றோம்.

ஐந்தாவது குண்டு. கரட்டடியில் சிப்பாய்களின் கூடாரம் எரிகிறது. அங்கிருந்து சத்தம் இல்லை.

"வாத்தியாரே! நீங்க எண்ணுங்க!"

கத்தியவர் ராசிபுரத்து நெசவாளர் ஒருவர். வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வீங்கிச் சுவரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"நான் எண்காரர் இல்லையே!"

"யாரு எண்ணுனா என்னங்க சாமி! அதுக்கு வேண்டியது நம்பரு! எண்ணுங்க!"

"மொதல்ல எண்ணற தல ராசியான ஆளா இருக்கோணும்," என்று இன்னொருவர் கத்தினார். "பழனிசாமி நிக்கட்டும்!"

எல்லோரும் அதையே சொன்னார்கள். 43 நாளில் தன் கிழங்கில் பாதியை அவர் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். பழனிசாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையைக் குனிந்தார்.

"சீக்கிரம் மச்சான். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி இழுக்காதீங்க."

ஆறாவது குண்டு. கூரையிலிருந்து கல்தூள் கொட்டுகிறது. நான் அவர் தலையில் கை வைத்தேன்.

லாபம். ரெண்டு. மூணு. நாலு.

வரிசை நகர்ந்தது. அறுபது. அறுபத்தொண்ணு. கடைசியில் என் தலையை நானே தொட்டேன். அறுபத்திரண்டு. சரியாக இருந்தது. உள்ளே 62 பேர். நான் சொன்ன கடைசி எண் 62.

பழனிசாமிதான் முதலில் போக வேண்டும். போகவில்லை. வாசற்படி ஒரு முழ உயரம். நெசவாளரால் ஏற முடியவில்லை. பழனிசாமி அவரை இடுப்போடு தூக்கி வெளியே விட்டார். பிறகு அங்கேயே உள்பக்கமாக நின்றுகொண்டார். ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தாண்டவிட்டார். "ஆகட்டும், ஆகட்டும், அடுத்தாளு." ஏழாவது குண்டு. எட்டாவது குண்டு. கடைசிக்கு முன் ஆளாக நான் தாண்டினேன். திரும்பினேன். கையை நீட்டினேன்.

"வாங்க மாப்ளே!"

அவர் இடது காலைத் தூக்கினார். கதவு விழுந்தது.

அந்தச் சத்தத்தை எழுத முயன்றிருக்கிறேன். முடியவில்லை. குண்டுச் சத்தத்தைவிடச் சிறியது. நேரம் 6 மணி 31.

குண்டு அதிர்ச்சியில் விழுந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். மற்றவர்கள் சரிவில் ஓடினார்கள். ஓடுகிற தலைகளை எண்ணினேன். 60. என்னோடு 61. கதவின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு விரிசல் இருந்தது. அதில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

"மாப்ளே! அடி பட்டுதா?"

"இல்லீங். காலு தப்பிச்சுது. செருப்பு போயிருச்சு. ஏனுங் மச்சான், என்னாச்சு? எண்ணுனீங்கல்ல?"

"எண்ணினேன் மாப்ளே. குண்டு அதிர்ச்சிதான்."

"சரி உடுங்க. பொழுதோட தொறக்கும். வந்து எண்ணுங்க. ஒத்த ஆளு. கணக்கு வாத்தியாருக்கு இது பெரிய வேலைங்களா?"

"இங்கேயே இருக்கேன்."

"கெரகம், அங்க நிக்காதீங்க! கீழ போங்க! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க தங்கச்சி என்ன உசுரோட உட மாட்டா!"

கீழே போனேன். கடலைக்காட்டு வாய்க்காலில் படுத்தேன். தண்ணீர் இல்லை. பயத்தில் எப்போதும் செய்வதையே செய்தேன். எண்ணிக்கையை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் காதில் விழுந்தது.

எங்கள் பக்கம் களத்தில் தானியம் அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டோம். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்ற பயம். லாபம் என்போம். அடுத்ததை ரெண்டு என்போம். என் அப்பா அளந்தார். அவர் களத்தில் பதினைந்து வருடம் நானும் அளந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணும்போது இப்படிச் சொன்னதில்லை. அன்று கைக்குக் கீழே இருந்தது எனக்கு வேண்டியவர் தலை. பயம் வேறு. வாய் களத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் யார் கேட்டிருந்தாலும் 62 என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கூட நின்ற 61 பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூடத் திருத்தவில்லை. கதவு எங்கள் ஊர் இல்லை. அதற்குக் கேட்டது 61 எண்கள்.

சூரியன் மறைய 12 மணி நேரம் இருந்தது. வாய்க்காலிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நடுப்பகல் வரை 19 குண்டுகள். அதன்பின் இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஒரு மயில் கத்தியது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். இரண்டரை மணிக்கு மேலே ஏறிப் போனேன். விரிசலில் கூப்பிட்டேன். பதில் வந்தது. தாகமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான் கேட்டார். என் துண்டை எண்காரரின் குடுவைத் தண்ணீரில் நனைத்து விரிசலில் திணித்தேன். உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "இன்னும் நாலு மணி நேரம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி தொடங்கியது. இருபது. இருபத்தொன்று. 4 மணி 20 நிமிடத்துக்கு இருபத்திரண்டாவது குண்டு. கூரையின் தென்மூலை. புகை இல்லை, தூசி மட்டும். கூரைக் கல் உள்ளே இறங்கும் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. கதவுக்கு ஒரு கீறலும் இல்லை.

6 மணி 36. கதவு ஏறியது. போனேன். கல்லை நகர்த்தினேன். முகத்தில் காயம் இல்லை. தலையைத் தொட்டேன். ஒன்று என்றேன். என் தலையைத் தொட்டேன். இரண்டு என்றேன். கதவு எங்கள் இருவரையும் வெளியே விட்டது.

சரசுவிடம் குண்டு அதிர்ச்சியில் கதவு விழுந்தது என்று சொன்னேன். மற்ற 60 பேரும் அதையே சொன்னார்கள். ஆறு வருடம் கழித்துப் போர் முடிந்தது. கோட்டையைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நான் அளந்து பார்த்துவிட்டேன். எட்டாவது குண்டு விழுந்த குழி வாசலிலிருந்து 140 தப்படி. எண்காரரைக் கொன்ற குண்டு விழுந்தது 22 தப்படி. அதற்கே கதவு அசையவில்லை. சரசுவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. போன மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. இனி இதை அவளே படித்துக்கொள்வாள்.

கணக்கு இது. கணக்கன்கரட்டில் 43 நாட்கள். உள்ளே 65 பேர். வயிற்றுப்போக்கில் இறந்தவர்கள் மூன்று. குண்டில் இறந்த எண்காரர் ஒருவர். சிப்பாய்கள் நால்வர், அவர்களில் இருவர் எங்கள் தாலுகா. உயிரோடு வெளியே வந்தவர்கள் 61. அவர்களில் இன்று இருப்பவர்கள் ஒன்பது. ஒரு ரிக் பிட், ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு. நான் தவறாக எண்ணியதால் இறந்தவர் ஒருவர். பழனிசாமி. வயது 34.