வாளிக்குள் பேசியவன்

உங்கள் குரலை இன்னொருவருடைய குரல் என்று யாராவது உங்களிடமே புகழ்ந்து பேசியிருக்கிறார்களா? எனக்கு முப்பது வருடமாக அதுதான் நடக்கிறது. ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வந்த ஒரு விண்வெளித் தொடரில் தகரத்தலையன் என்று ஒரு வில்லன் இருந்தான். அந்தத் தகர உடுப்புக்குள் நின்றவர் என் அக்காவின் கணவர். பேசியவன் நான். போன வாரம் ஒரு சாயங்காலம் அவர் போன் செய்தார். என் பக்கத்துப் பேச்சை மட்டும் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதை எழுத மனசு வரவில்லை.

ஹலோ... ஹலோ... அத்தானா, சொல்லுங்க. இல்ல இல்ல, இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன், சட்டைகூட கழட்டல... ஆமா, கேக்குது. கீழ சலவைக் கடை மெஷின் ஓடுது, அந்தச் சத்தம்தான்... அக்கா நல்லாயிருக்கா?... பாப்பா?...

என்னது?... இருங்க, சார்ஜர் வயர் குட்டை, செவுத்தோட ஒட்டி நிக்கணும்... ம், இப்ப சொல்லுங்க.

தகரத்தலையனா?... மறுபடியுமா?... ஓ, காதால மட்டும் கேக்குற நாடகம். ரேடியோ மாதிரி... யாரு, உங்க பொண்ணா எடுக்குறா? நம்ம பாப்பாவா?... அடேயப்பா. மறுஒளிபரப்புல அந்தக் குரலைக் கேட்டாலே போர்வைக்குள்ள பூந்துக்குவாளே அவ...

ஆமா... ஆமா... புரியுது அத்தான். படம் கெடையாது, குரல்தான் எல்லாம்... அதான் கூப்பிட்டீங்களா. நான்கூட யாருக்கோ ஒடம்பு சரியில்லையோன்னு... என்னைக்குப் பதிவு?... வியாழக்கிழமையா. லீவு கேக்கணும். குடுப்பான், நாலு வருசமா நான் லீவே எடுத்ததில்ல. ரயில்ல முழுசா ஒரு நாள் ஆகும், பரவால்ல. தொண்டை நல்லாத்தான் இருக்கு, சிகரெட்டை விட்டே ரொம்ப... என்ன?...

இல்ல, நீங்க சொல்லுங்க.

...

ஓ.

உங்களை வச்சா.

இல்லியே, சிரிக்கல. இருமல்... கையெழுத்து வேற போட்டாச்சா... பேட்டியும் குடுத்தாச்சு. "அந்தக் குரல் திரும்பி வருகிறது"ன்னு, போட்டோவோட... யாரு போட்டோ?... சும்மா கேட்டேன் அத்தான்.

நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தத் தகரத்துக்குள்ள நின்னு நீங்க என்ன பேசுனீங்கன்னு ஞாபகம் இருக்கா?... நான் சொல்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அவ்வளவுதான். வாய்தான் வெளிய தெரியாதே. உலகத்தை அழிக்கப் போறேன்னு கையைத் தூக்குற காட்சியில, லைட்காரனோட அம்மாவை இழுத்துத் திட்டிக்கிட்டிருந்தீங்க... ஆமா, சிரிப்புத்தான். நீங்கள்லாம் வீட்டுக்குப் போனப்புறம் என்னைக் கூப்பிடுவாங்க. வயர் சுத்துற பயலே, இங்க வா, இதைப் பேசுன்னு. நூத்திப் பன்னெண்டு வாரம் பேசினேன்... பேரா? எழுத்துப் போடும்போது என் பேரு ஒரு வாரம்கூட வரல.

நான் பழசைக் கிளறல. நீங்கதான் போன் பண்ணீங்க.

ம்... ம்... ஆமா, அக்காவைப் பொண்ணு கேட்டு வீட்டுக்கு வந்தீங்க, எனக்கும் ஞாபகம் இருக்கு. அந்தக் குரல் உங்களதுதானான்னு அப்பா கேட்டாரு. நீங்க தலையாட்டுனீங்க. அவரு திரும்பி என்னைப் பாத்தாரு, நீயும் அங்கதானே வேலை பாக்குறேன்னு... நானும் ஆட்டினேன். இல்லேன்னு சொல்லல. அக்கா மூஞ்சியப் பாத்துட்டு ஆட்டினேன். ஒரு தடவைதான்னு நெனச்சேன்.

அக்காவுக்கு இன்னுமா தெரியாது?... சத்தியமாவா?... ம்.

சரி, இப்ப நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க... சொல்லித் தரணும். போன்லயே... பதினஞ்சு நாளா குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டா? அக்கா என்ன நெனச்சிருப்பா... வாளிக்குள்ள பேசினீங்களா. வாளி சரிதான், அது எல்லாருக்கும் தோணும். வாளி மட்டும் போதாது.

...

அத்தான், இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இதைத் தவிர என்கிட்ட வேற எதுவும் இல்ல. தெரியுமில்ல?... தெரியும்ங்கிறீங்க. சரி.

மூச்சை வெளிய விட்டுப் பேசுனா அது மனுசன். உள்ள இழுத்துக்கிட்டே பேசணும்... ஆமா, இழுக்கும்போதேதான் வார்த்தை. சின்னப்புள்ளைங்க அழுது ஓஞ்சப்புறம் விக்கி விக்கி ஏதோ சொல்லுமே, அப்படி... எங்கயும் படிக்கல. எனக்கு அப்படிப் பேசிப் பழக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ரெண்டு கையாலயும் வாளியைப் புடிங்க... மூஞ்சிய உள்ள வைங்க... ம், சொல்லுங்க... இல்ல. அது மாடு... திரும்ப... விடாதீங்க, இழுங்க, இழுங்க... இல்ல அத்தான்... போதும். போதும்ங்கிறேன்ல, தண்ணியக் குடிங்க. என்னது, நெஞ்சைப் புடிக்குதா? பயமா இருக்கு அத்தான்.

... அவகிட்ட உண்மையச் சொல்லிருங்களேன். பாப்பா ஒண்ணும் சொல்ல மாட்டா... ம்... ஆமா... பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் எங்கப்பா குரல்னுதான் சொல்லி வளந்தா... புரியுது... அழாதீங்க. அறுபது வயசுல வாளியை வச்சுக்கிட்டு அழுதா நல்லாவா இருக்கு.

சரி, ஒரு தடவை நான் செஞ்சு காட்டுறேன். நல்லா கேளுங்க, ஒரே ஒரு தடவை. இருங்க, வாளியில துணி ஊறுது, கொட்டிட்டு வரேன்...

ம். கேக்குதா.

"உங்கள் சூரியனை... அணைத்துவிட்டுத்தான்... நான் உறங்கப் போவேன்."

...

அத்தான்?... என்ன, சத்தத்தையே காணோம்... இருக்கீங்களா?...

பாப்பாவா. எப்ப வந்தே?... கதவுகிட்டயா... எதுலேருந்து கேட்டே?... சூரியன் மட்டுமா. ம். அதுக்கு முன்னாடி எதுவும் இல்லியே?... சரி சரி.

ஆமா, நான்தான்... எங்கேருந்து வந்துச்சுன்னா... அப்பா பக்கத்துல இருக்காரா?... என்ன பண்றாரு?... வாளியோட நிக்கிறாரா.

...

உங்கப்பாதான் சொல்லிக்குடுத்தாரு பாப்பா. வயர் சுத்திக்கிட்டே பக்கத்துல நின்னு பாப்பேன்ல, அப்படியே ஒட்டிக்கிச்சு... ஆமா, சொல்லவே இல்லதான். சொல்ற அளவுக்கு இதுல என்ன இருக்கு...

இங்க பாரு, அப்பாவுக்குத் தொண்டை நல்லால்ல. ரொம்ப நெருக்காதே... அப்புறம்... வியாழக்கிழமை வேணும்னா நான் வரட்டுமா?... உதவிக்குத்தான். அவர் பேரையே போட்டுக்க, எனக்கு ஒண்ணும் வேணாம். வந்து பேசிட்டுப் போயிடுறேன். அந்தக் குரலைப் பேசி எத்தனை வருசமாச்சு, சும்மா ஒரு ஆசை... டீம்கிட்ட கேக்கணுமா. கேளு, கேளு. அவசரமே இல்ல.

போனை அப்பாகிட்ட குடு... அத்தான்?... ஸ்பீக்கரை நிறுத்துங்க... இல்ல, நன்றியெல்லாம் சொல்லாதீங்க. சொல்லாதீங்கங்கிறேன். அக்காகிட்ட குடுங்க, அவ குரலையாவது... ஹலோ... அத்தான்... ஹலோ...

மறுநாள் காலை ஆறரைக்குப் பாப்பாவிடமிருந்து செய்தி வந்தது. நான் பேசியது நன்றாகத்தான் இருந்ததாம், ஆனால் நிஜக் குரலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லையாம். பழைய பதிவுகளிலிருந்து அப்பாவின் குரலைக் கம்ப்யூட்டரில் எடுத்து, புது வசனத்தைப் பேச வைக்கப் போகிறார்களாம். முதல் காட்சியில் தகரத்தலையன் கையால் சாகிற காவல்காரனுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை, ஒரே வசனம், நான் போனிலேயே பேசி அனுப்பினால் என் பெயரையும் போடுவார்கள் என்று எழுதியிருந்தாள். "யாரது?" என்று மூன்று தடவை பேசி அனுப்பிவிட்டு, ஏழரை பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.