மோட்டார் கொட்டகை ஸ்பீக்கர்

இப்போதெல்லாம் மனிதர்கள் எதிரில் இருப்பவனிடம் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள், சுவரும் பதில் சொல்கிறது. எங்கள் ஆவூர் வீட்டிலும் அப்படித்தான் ஆனது, இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மனைவி ஞானமணி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். கூடவே மூச்சிரைப்பு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் லியோன் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். வாயால் சொன்னால் விளக்கு எரியும், விசிறி சுற்றும். பாட்டுக் கேட்கிற ரிசீவரையும் அதோடு சேர்த்து, அங்கிருந்து வயல்வரை ஒயர் இழுத்து, திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை மோட்டார் கொட்டகையில் மாட்டிக் கொடுத்தான் விராலிமலை எலக்ட்ரீசியன் ஜெபக்குமார். அவள் "லியோன்" என்றால் ரிசீவர் விழித்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்ச நேரம் அவள் பேசுவதெல்லாம் வயலில் கேட்கும்.

கேட்டது. "ஏங்க, தண்ணி." "ஏங்க, காலு மரத்துப்போச்சு, திருப்பி விடுங்க." நடவு நட்ட பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வயல் வீரய்யா சொன்னான்: "என்னண்ணே, மைக் போட்டுச் சொல்லியாச்சு, இன்னும் இங்கிட்டே நிக்கிறீங்க? ஓடுங்க, அண்ணி காலப் புடிக்கணும்ல."

விளக்கு, விசிறி, அடுத்து நான்.

ஜெபக்குமாரை வரச் சொன்னேன். "கூப்புடுற பேர மாத்து. அடைக்கலராஜ்னு என் பேரப் போடு."

"மாமா, அத்தை ஒங்க பேரச் சொல்லுமா?"

"உசுருக்கு வேணும்னா சொல்லுவா. போடு."

ஞானமணி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரை உச்சரித்ததில்லை. செபத்தில் அடைக்கல மாதா என்று வருகிற இடத்தில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள்.

ஸ்பீக்கர் வாய் மூடியது. வேலை நிம்மதியாக நடந்தது. அது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் மூச்சு நின்ற அன்று மத்தியானம் வயலில் நான் மட்டும்தான். ஸ்பீக்கர் கரகரத்தது. "அடைக்கலராஜ்" என்றது. அவள் குரல்தான். இடையில் மூச்சு இழுத்தது.

இந்தக் காலத்துப் பெட்டி யார் குரலிலும் பேசும் என்று லியோனே சொல்லியிருக்கிறான். என் பெண்டாட்டி என் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆகவே அது அவள் இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் "அடைக்கலராஜ்."

பிறகு, மெதுவாக, "ஏங்க" என்றது.

எழுந்தேன். கொட்டகைக்குள் போய் மோட்டாரைப் போட்டேன். அது ஓடினால் வேறெதுவும் காதில் விழாது. வயலில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, வாய்க்காலோடு கடைசி வயல்வரை நடந்தேன்.

பெட்டிதான் பேசியது என்று இப்போதும் சொல்கிறேன். அவளாக இருந்தால் என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள்.