உண்ணிச்செடியால் அடைத்த வேலிச் சந்து

என் பெயர் முத்தாத்தாள், வயது 54, கணவர் பெயர் கந்தப்பன். பல்லடம் வட்டம், வேலாங்காட்டுத் தோட்டத்தில் குடியிருந்து வருகிறேன். விசாரித்ததில் நான் கூறுவதாவது.

எங்களுக்கு மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலம், அதாவது கொறங்காடு, உள்ளது. கிளுவைச்செடி வேலிக்கு அந்தப்புறம் மருதாசலத்தின் கொறங்காடு. அவர் என் கணவருக்குப் பங்காளி முறை. வேலியில் ஒரு சந்து விழுந்து, அவருடைய ஆடுகள் எங்கள் புல்லில் மேய்ந்து வந்தன. மாசி மாதம் நான்கு பேர் முன்னிலையில், "இனி உள்ள வந்துச்சுன்னா நான் மனுசியா இருக்க மாட்டேனுங்க தம்பி" என்று அவரிடம் நான் சொன்னது உண்மை. கோபத்தில் சொன்னேன்.

அதன்பிறகு கால்நடை முகாமில் டாக்டர் அம்மா, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும் உண்ணிச்செடியின் படத்தைக் காட்டி, அதன் அடியில் புல் முளைக்காது, காய் கறுக்கும் முன் வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும் என்றார். அதன்படி எங்கள் காட்டில் முளைத்திருந்ததை நான்கு நாள் வெட்டினேன். எரிக்க மனம் வரவில்லை. முள் இருந்தது, எந்த ஆடும் அதில் வாய் வைத்து நான் பார்த்ததில்லை, அதனால் வேலியடைக்க அதைவிட நல்லது கிடைக்காது என்று நினைத்து அந்தச் சந்தில் திணித்து அடைத்தேன். மருதாசலமே வந்து பார்த்து, "நல்லா அடைச்சுப்போட்டீங்க அக்கா" என்றார்.

அதன்பிறகு வெயில் முற்றி அவர் காட்டில் ஒரு புல்லும் இல்லாமல் போனது. நான் அடைத்த பத்தாம் நாள் அவருடைய ஆடுகள் காது வீங்கி, கண் மஞ்சளாகி, வெயிலுக்கு நிற்க மாட்டாமல் வேலி நிழலில் ஒண்டிக்கொண்டன. பன்னிரண்டில் ஏழு செத்தன. "வெசம் வெச்சுப்போட்டீங்களே அக்கா" என்று அவர் என் வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அதன்பிறகு போய்ப் பார்த்தபோது, அவர் பக்கம் நீட்டியிருந்த கொப்புகளில் இலையே இல்லை. வெறும் குச்சிதான் இருந்தது.

எந்தக் கடையில் மருந்து வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். நான் மருந்து வாங்கவில்லை. அப்படியானால் ஆடுகள் சாக நீ காரணமில்லையா என்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆடு உள்ளே வரக்கூடாது என்றுதான் அடைத்தேன். அதையே தின்னும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எரிக்கச் சொன்னது என் காதில் விழுந்தது. இதில் எதை முதலில் எழுத வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக உள்ளது.

அந்தக் குச்சிகளைப் போலீசார் நேற்று எடுத்துச் சென்றுவிட்டார்கள். சந்து இப்போது திறந்து கிடக்கிறது. இன்று காலை மீதி ஐந்து ஆடுகளும் எங்கள் காட்டுக்குள் வந்து மேய்ந்தன. நான் விரட்டவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) க. முத்தாத்தாள்